540ஐத் தூக்கிவிடலாமா?

கேள்வி: நான் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவி. களிமண்ணில் சிமெண்ட் கலந்து உறுதியாக்கும் ஆய்வு ஒன்றில் உதவிக்கு என்னை எங்கள் பேராசிரியர் சேர்த்துக்கொண்டார். சில மாதங்களாக லேபில் சாம்பிள் செய்து உடைத்துப் பார்க்கிறேன். ஒரே கலவையில் ஒரே நாளில் செய்த மூன்று சாம்பிள்களை ஏழாம் நாள் உடைத்தால் பலம் 820, 790, 540 கிலோபாஸ்கல் என்று வருகிறது. பல தொகுதிகளில் இதே கதைதான், மூன்றில் ஒன்று தனியாக நிற்கிறது. கூட வேலை செய்யும் ஆய்வு மாணவர், "அதைத் தூக்கிவிடு, சராசரி அழகாக வரும்" என்கிறார். எனக்கு அது உறுத்துகிறது. ஆய்வுக்கே நான் லாயக்கில்லையோ என்றும் தோன்றுகிறது. வகுப்பில் பாதிப் பேர் சாஃப்ட்வேர் வேலைக்குத் தயாராகிறார்கள். ஸ்ட்ரக்சர், அதாவது கட்டமைப்பு வடிவமைப்பு, எடுத்தால்தான் எதிர்காலம் என்கிறார்கள் சீனியர்கள். வீட்டில், "சைட் எல்லாம் வேண்டாம், மேலே படித்து லெக்சரராகிவிடு" என்கிறார்கள். நான் இதுவரை ஒரு சைட்டைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. மதிப்பெண்ணும் சுமார்தான். மேற்படிப்பா, ஆய்வா, வேலையா? என் பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தில் ஐந்தாறு கேள்விகள் இருக்கின்றன. மேற்படிப்பா வேலையா என்பதற்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் அவகாசம் இருக்கிறது. அந்த 540க்கு அவ்வளவு அவகாசம் இல்லை. அடுத்த தொகுதி சாம்பிள் செய்வதற்குள் அதற்கு ஒரு வழி செய்தாக வேண்டும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் அஸ்திவார ஆலோசனை வேலையில் பல காலம் இருந்துவிட்டு இப்போது வகுப்பும் எடுப்பவன். மண் சோதனை அறிக்கைகளை எழுதியும் இருக்கிறேன், அடுத்தவர் எழுதியதை நம்பிக் கட்டடத்துக்கு அஸ்திவாரமும் போட்டிருக்கிறேன். அந்த இரண்டாவது அனுபவம் இருப்பதால்தான் உங்கள் உறுத்தல் சரியானது என்று தயங்காமல் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். மூன்றையும் வைத்தால் சராசரி ஏறக்குறைய 717. 540ஐத் தூக்கினால் 805. நூறு அலகுக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம், அதுவும் காரணம் சொல்லாமல் வந்தது. மூன்றே எண்களை வைத்துக்கொண்டு "இது விலகிய புள்ளி" என்று நிரூபிக்கும் புள்ளியியல் சோதனை எதுவும் பெரிதாக உதவாது. எண்ணிக்கை அவ்வளவு குறைவு. குறைந்த எண்ணிக்கையிலிருந்து எவ்வளவு தூரம் நம்பிப் பேசலாம் என்ற கேள்விக்கு 1908இல் ஒரு வழி கண்டவர் வில்லியம் கோசெட். டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பாலையில் வேலை பார்த்தவர். நிறுவனத்தின் கட்டுப்பாட்டால் சொந்தப் பெயரில் வெளியிட முடியாமல் 'ஸ்டூடண்ட்' என்ற பெயரில் எழுதினார். புள்ளியியல் வகுப்பில் நீங்கள் படித்த டி சோதனை அதுதான். நமக்குத் தெரிந்த பல விஷயங்கள் இப்படி ஏதோ ஒரு தொழிற்சாலையின் அன்றாடத் தலைவலியிலிருந்து வந்தவை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

540 ஏன் வந்தது என்பதற்குப் புள்ளியியலைக் கேட்காதீர்கள், சாம்பிளைக் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் ஒரு விவரம் இல்லை. அந்தத் தனியாக நிற்கும் சாம்பிள் ஒவ்வொரு முறையும் எத்தனையாவதாகச் செய்யப்பட்டது? கலவையைக் கலந்த உடனே முதல் சாம்பிளை அச்சில் இறுக்குகிறீர்கள். மூன்றாவதை இறுக்கும்போது எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? தண்ணீர் பட்டதும் சிமெண்ட் வேலையைத் தொடங்கிவிடும். ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்து அதை இறுக்கினால் அதற்குள் உருவான பிணைப்புகளை நாமே உடைக்கிறோம். கட்டிகட்டியாகிவிட்ட மண் அதே இடிக்கு அதே அளவு இறுகவும் இறுகாது. பலம் குறைவது இயல்புதான். எல்லாத் தொகுதிகளிலும் கடைசியாகச் செய்ததுதான் பலவீனமாக வருகிறது என்றால், நீங்கள் தூக்கி எறியப் பார்ப்பது ஒரு உண்மையான விளைவு. வெளியே வேலை நடக்கும் இடத்தில் கலந்த மண் ரோலருக்காகக் காத்திருப்பது தினசரி நடப்பது. அங்கே இருப்பவர்களுக்கு உங்கள் 820ஐவிட 540தான் அதிகம் பயன்படும்.

இது என் ஊகம் மட்டுமே. வேறு காரணங்களும் இருக்கலாம், அவற்றை ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். நீங்கள் 38 மில்லிமீட்டர் விட்டம், 76 மில்லிமீட்டர் உயரச் சாம்பிள்தான் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அதன் கன அளவு சுமார் 86 கன சென்டிமீட்டர். ஈர அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.8 கிராம் என்றால் எடை 155 கிராம் வரும். இதில் மூன்று கிராம் குறைந்தாலே அடர்த்தி இரண்டு சதவீதம் போய்விட்டது. ஆகவே அச்சிலிருந்து எடுத்ததும் எடை போடுங்கள், ஏழாம் நாள் உடைப்பதற்கு முன் மறுபடி போடுங்கள். இரண்டாவது எடை குறைந்திருந்தால் பிளாஸ்டிக் உறையில் ஓட்டை இருந்து ஈரம் போயிருக்கிறது. உடைத்த பிறகு துண்டுகளை அப்படியே அடுப்பில் வைத்து ஈரப்பதம் பாருங்கள். துண்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டு எண்ணை மட்டும் நோட்டில் எழுதும் பழக்கம் பல லேப்களில் இருக்கிறது. எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சல் வரும்.

அப்புறம் முனைகள். மேலும் கீழும் தட்டையாக, ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் சுமை ஒரு ஓரத்தில் போய் உட்காரும். சுமை ஏற ஏறச் சாம்பிள் எவ்வளவு சுருங்குகிறது என்று காட்டும் தகைவு வரைபடமே இதைக் காட்டிக்கொடுத்துவிடும். தொடக்கத்தில் கோடு நேராக ஏறாமல் சோம்பலாக வளைந்து ஏறினால் முனை சரியாகப் பதியவில்லை என்று அர்த்தம். உடைந்த சாம்பிளைப் போட்டோ எடுத்து வையுங்கள். சாய்வாக ஒரே தளத்தில் வெட்டுப்பட்டதா, நெடுக்காகப் பிளந்ததா, மேல் முனை மட்டும் நொறுங்கியதா? மேல் முனை மட்டும் நொறுங்கிய சாம்பிள் மண்ணின் பலத்தைச் சொல்லவில்லை, முனையைச் சீவிய உங்கள் கத்தியின் கூர்மையைச் சொல்கிறது. அதை விலக்கலாம், தப்பில்லை. ஆனால் விலக்கினேன், இந்தக் காரணத்தால் விலக்கினேன், அதன் மதிப்பு இவ்வளவு என்று நோட்டிலும் அறிக்கையிலும் இருக்க வேண்டும். இன்னொன்று, என்ன நடந்தால் விலக்குவோம் என்ற விதியை உடைப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். எண்ணைப் பார்த்த பிறகு யோசித்தால் நமக்குப் பிடிக்காத எண்ணுக்கெல்லாம் ஒரு காரணம் கிடைத்துவிடும். உயர்ந்து வந்த எண்ணின் முனையை யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

சிதறலை அழுக்கு மாதிரி நினைக்க வேண்டாம் என்பதற்குக் கான்கிரீட்டையே பாருங்கள், நீங்கள் ஏற்கனவே படித்ததுதான். 30 மெகாபாஸ்கல் கான்கிரீட் என்றால் சராசரி 30 என்று பொருள் இல்லை. சோதனை முடிவுகளில் ஐந்து சதவீதத்துக்கு மேல் அதற்குக் கீழே விழக்கூடாது என்று பொருள். அதனால் கலவையை வடிவமைக்கும்போது திட்ட விலக்கத்தை, அதாவது முடிவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவை, 1.65 ஆல் பெருக்கி 30உடன் கூட்டிக் குறிவைக்கிறோம். திட்ட விலக்கம் 3 ஆக இருக்கும் இடத்தில் இலக்கு சுமார் 35. அது 5 ஆக இருக்கும் இடத்தில் 38க்கும் மேலே. அந்த மூன்று சொச்சம் மெகாபாஸ்கலுக்கும் சிமெண்ட் போட்டாக வேண்டும். சிதறல் என்பது அங்கே நேரடியாகச் செலவு. உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியீட்டில் சிமெண்ட் தயாரிப்பின் பங்கு ஏழெட்டு சதவீதம் என்பதை வைத்துப் பார்த்தால் செலவு மட்டுமும் இல்லை. கோடிக்கணக்கான சோதனைக் கியூப்களை உடைத்துப் பழகிய கான்கிரீட்காரர்கள் சிதறலைச் சூத்திரத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். உங்கள் ஆய்வு மாணவரோ அதை வாசலுக்கு வெளியே தள்ளப் பார்க்கிறார்.

அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்கும் ஆய்வேட்டுக்கு நாள் நெருங்கியிருக்கும், மேலே இருந்து அழுத்தம் இருக்கும், அல்லது அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். "அண்ணா, இதை எந்தக் காரணத்தால் விலக்கினோம் என்று நோட்டில் எழுதிவிடட்டுமா?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கேள்வியே போதும். பிறகு எல்லாத் தொகுதிகளையும் ஒரே அட்டவணையில் போடுங்கள். கலந்த நேரம், இறுக்கிய நேரம், இரண்டு எடைகள், ஈரப்பதம், உடைந்த விதம், பலம் எல்லாம் வரட்டும். அதைப் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். யார் என்ன சொன்னார் என்ற பேச்சே வேண்டாம், அட்டவணை மட்டும். ஏற்கனவே செய்த தொகுதிகளுக்கு நேரம் குறித்து வைக்கவில்லை என்றால் வருத்தப்படாதீர்கள். அடுத்த தொகுதியில் வேண்டுமென்றே உடனே இறுக்கியது மூன்று, ஒரு மணி நேரம் கழித்து மூன்று, இரண்டு மணி நேரம் கழித்து மூன்று என்று செய்து பாருங்கள். ஒன்பது சாம்பிள். ஒரு வாரத்தில் பதில் கிடைத்துவிடும்.

பேராசிரியர் அட்டவணையைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் அந்த லேப் நல்ல லேப். "இதெல்லாம் எதற்கு, அழகான கோடு கொண்டுவா" என்றால், இந்த லேபில் மேற்கொண்டு படிக்க வேண்டுமா என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் கிடைத்துவிட்டது. மேற்படிப்பு பற்றிய உங்கள் முடிவுக்கு இதைவிட மலிவான சோதனை வேறு இல்லை.

இப்போது "நான் ஆய்வுக்கு லாயக்கா" என்பது. எண்கள் ஒத்துவரவில்லை என்பதால் லாயக்கில்லை என்று நினைக்கிறீர்கள். இல்லை அம்மா. எண்கள் ஒத்துவராதபோது தூக்கம் கெடுகிறதா, கெடவில்லையா என்பதைத்தான் நான் பார்ப்பேன். உங்களுக்குக் கெட்டிருக்கிறது. ஆனால் அது ஆர்வத்துக்கு அத்தாட்சி, அவ்வளவுதான். முனைவர் பட்டம் வரை போக வேண்டுமா என்பது வேறு கணக்கு, அதற்குப் பின்னால் வருகிறேன்.

அதற்கு முன் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. இதுவரை ஒரு சைட்டைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை என்கிறீர்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மண் பொறியியல் பேராசிரியராக இருந்த ஜான் பர்லண்ட் 1987இல் ஒரு உரையில் ஒரு முக்கோணத்தை முன்வைத்தார். ஒரு முனையில் நிலத்தின் அடுக்கு, அதாவது கீழே உண்மையில் என்ன இருக்கிறது, அது எப்படி அங்கே வந்தது. இன்னொரு முனையில் மண்ணின் நடத்தை, சோதனையிலும் நேரிலும் அளந்து பார்த்தது. மூன்றாவது முனையில் அதற்குப் பொருத்தமான கோட்பாட்டு மாதிரி. நடுவில் அனுபவம். மூன்று முனைகளையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் பல தவறுகளுக்குக் காரணம் என்பது அவர் வாதம். பேச்சோடு நின்றவர் இல்லை. 1990இல் பொதுமக்களுக்கு மூடப்பட்ட பைசா கோபுரத்தைக் காப்பாற்ற அமைத்த குழுவில் அவரும் இருந்தார். கோபுரம் தெற்கே சாய்கிறது. வடக்குப் பக்கம் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்து, சாய்வை ஏறக்குறைய அரை டிகிரி குறைத்தார்கள். 2001 டிசம்பரில் மறுபடி திறந்துவிட்டார்கள். பெரிய எந்திரமோ விசித்திரமான பொருளோ இல்லை, மண்ணை எங்கே, எவ்வளவு, எந்த வேகத்தில் எடுப்பது என்ற அறிவுதான். அது ஆய்வா, வேலையா? இரண்டையும் பிரித்து எழுதிய உங்கள் கேள்விக்கு அந்தக் கோபுரத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடலாம் போலிருக்கிறது.

முக்கோணத்தில் நீங்கள் பார்த்திருப்பது ஒரு முனை. வகுப்பில் இன்னொரு முனையைக் கேட்டிருக்கிறீர்கள். நிலத்தின் அடுக்கு என்ற முனையில் இன்னும் காலே வைக்கவில்லை. அதைப் பார்க்காமல் "எனக்கு ஆய்வா வேலையா" என்று முடிவு செய்ய முடியாது. அடுத்த விடுமுறையில் மண் சோதனைக்காகத் துளையிடும் ரிக் இருக்கும் இடத்தில் பத்து நாளாவது நில்லுங்கள். பெரிய கட்டடம் எழும்பும் சைட்டைவிட அதுதான் உங்களுக்குத் தேவை. நிலம் எவ்வளவு கெட்டி என்று அடித்துப் பார்க்கும் எஸ்பிடி சோதனை புத்தகத்தில் ஒரு வரி: 63.5 கிலோ சுத்தியலை 760 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து போடு, 450 மில்லிமீட்டர் இறங்கும்வரை அடி, கடைசி 300க்கான அடிகளை எண்ணு. நேரில் பார்த்தால்தான் தெரியும், சுத்தியல் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது, கயிறு எவ்வளவு உராய்கிறது, துளையின் அடியில் சேறு கழுவப்பட்டதா, சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது எண்ணுகிறவரின் கவனம் எங்கே இருக்கிறது. அந்த எண்தான் ஒரு அறிக்கையில் அமர்ந்து, அதிலிருந்து தாங்குதிறன் வந்து, அதன் மேல் தூண்கள் எழும்புகின்றன. உங்கள் 540ஐப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிற நீங்கள் அங்கே நின்றால் கேட்பதற்கு நூறு கேள்வி கிடைக்கும்.

மண் பொறியியலே இப்படிக் களத்திலிருந்து லேபுக்கு வந்த துறைதான். கார்ல் டெர்சாகி படித்தது மெக்கானிக்கல். பல வருடங்கள் கட்டுமான வேலைகளில் சுற்றி, மண் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று யாராலும் சொல்ல முடியாததைப் பார்த்துவிட்டு, இஸ்தான்புல்லில் ஆசிரியராக இருந்தபோது கைக்குக் கிடைத்த எளிய கருவிகளை வைத்துச் சோதனை செய்தார். 1925இல் வியன்னாவில் வெளியான அவர் நூலிலிருந்துதான் இந்தத் துறைக்கு வயது கணக்கிடுகிறார்கள். அவரோடு வேலை செய்த ரால்ஃப் பெக் அதற்கு நேரெதிர் வழியில் வந்தவர். 1937இல் அவர் முனைவர் பட்டம் வாங்கியது தொங்குபாலங்களின் விறைப்பைப் பற்றி, அதாவது சுத்தமான ஸ்ட்ரக்சர். அதன் பிறகுதான் மண் பக்கம் திரும்பினார். சிகாகோ சுரங்க ரயில் வேலையில் டெர்சாகிக்காகக் களத்தில் அளவெடுத்து, பின்னால் அந்தத் துறையின் பெரிய பெயர்களில் ஒன்றானார். முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் பாதை மாறலாம் என்றால், மூன்றாம் ஆண்டில் ஸ்ட்ரக்சரா ஜியோடெக்னிக்கலா (மண் பொறியியலா) என்று நகத்தைக் கடிக்க வேண்டியதில்லை. சீனியர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஸ்ட்ரக்சரில் வேலைகளின் எண்ணிக்கை அதிகம். போட்டியும் அதே அளவு அதிகம். பிடித்தால் எடுங்கள், அதற்கு மேல் அந்த வாதத்தில் எனக்கு ருசியில்லை.

ஆனால் "வேலைக்குப் போனால் மூளைக்கு வேலையில்லை, ஆய்வில்தான் சிந்தனை" என்ற ஒரு எண்ணம் உங்கள் கடிதத்தின் அடியில் ஓடுகிறது. 1981 ஜூலையில் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஹோட்டலின் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். அங்கே புதிய ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. நான்காம் தளத்து நடைபாதையும் இரண்டாம் தளத்து நடைபாதையும் மேலிருந்து வரும் ஒரே கம்பியில் தனித்தனியாகத் தொங்குவதாகத்தான் முதலில் வரைந்திருந்தார்கள். செய்வதற்கு எளிது என்று கம்பியை இரண்டாக்கி, கீழ் நடைபாதையை மேல் நடைபாதையின் உத்திரத்திலிருந்தே தொங்கவிட்டார்கள். மேல் உத்திரத்துக்கு அடியில் இருந்த நட்டுக்கு வந்த சுமை இரு மடங்கானது. முதல் வடிவமே விதி கேட்ட பலத்துக்குக் குறைவு, இந்த மாற்றம் அதையும் கெடுத்தது. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் ஒரு தாளில் விசைகளை வரைந்திருந்தால் தெரிந்திருக்கும். யாரும் வரையவில்லை. வடிவமைப்பு அலுவலகத்தில் ஒரு மாற்ற வரைபடம் மேசைக்கு வரும்போது "இரு, இதன் சுமை எங்கே போகிறது?" என்று கேட்கிற ஆள் வேண்டும். 540ஐக் கேள்வி கேட்கும் அதே குணம்தான் அது.

சாஃப்ட்வேர் போகிறவர்களைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. உங்களுக்கு அது பிடித்தால் போகலாம். பிடிக்காமல் பயத்தில் போக வேண்டாம். ஆனால் நிரல் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள், எங்கே போனாலும் வேண்டும். ஒரு கட்டமைப்பைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் முறைக்கு 'ஃபைனைட் எலிமென்ட்' என்ற பெயரை 1960இல் வைத்தவர் ரே கிளஃப், அமெரிக்காவின் பெர்க்லியில் சிவில் பேராசிரியர். மண் வேலையில் எல்லோரும் புழங்கும் பிளாக்சிஸ் என்ற மென்பொருள் 1987இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கணினி சிவிலுக்கு வெளியே இருக்கிறது என்று யார் சொன்னார்கள்? முந்நூறு மண் சோதனைத் துளைகளின் பதிவேட்டை ஒரு நாளில் ஒழுங்குபடுத்தித் தரத் தெரிந்த இளம் பொறியாளரை எந்த ஆலோசனை நிறுவனமும் விடாது.

இனி முனைவர் பட்டம். வடிவமைப்பு வேலைக்கோ சைட் வேலைக்கோ அது தேவையில்லை. மண் பொறியியல் ஆலோசனைக்கு முதுகலை பெரும்பாலும் கேட்பார்கள், அது நியாயமும்கூட, ஏனென்றால் இளங்கலையில் மண்ணைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது மிகக் குறைவு. முதுகலை முடித்து இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு முனைவர் படிப்புக்கு வருகிறவர்களை எனக்குப் பிடிக்கும். கேள்வியோடு வருவார்கள். நேராக வருகிறவர்களில் பலர் கேள்வியைப் பேராசிரியரிடம் வாங்கிக்கொள்வார்கள். நேராக வந்து பிரமாதமாகச் செய்தவர்களும் உண்டு, சட்டம் எதுவும் இல்லை. லெக்சரர் என்று வீட்டில் சொல்வது நிம்மதியான வேலை என்ற எண்ணத்தில். முனைவர் பட்டம் முடித்து வெளியே வருகிறவர்களோடு ஒப்பிட்டால் நிரந்தரப் பல்கலைக்கழக இடங்கள் குறைவு. கிடைத்தவர்களும் ஆய்வுப் பணத்துக்கு விண்ணப்பம் எழுதி, தேர்வுத்தாள் திருத்தி, குழுக் கூட்டங்களில் உட்கார்ந்து, மிச்ச நேரத்தில்தான் லேபுக்குப் போகிறார்கள். கற்பிப்பது பிடித்தால் அருமையான வேலை. வெயிலிலிருந்து தப்பிக்க மட்டும் என்றால் ஐந்தாறு வருடம் அதிக விலை.

எந்த லேபில் சேர்ந்தாலும், சேர்வதற்கு முன் அங்கே இப்போது படிக்கும் மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள், பேராசிரியர் இல்லாத நேரத்தில். கடைசியாக முடித்த இரண்டு மூன்று பேருக்கு எத்தனை வருடம் ஆனது, இப்போது எங்கே இருக்கிறார்கள், பாதியில் விட்டுப் போனவர்கள் உண்டா, சோதனைச் செலவை யார் கொடுக்கிறார்கள், உதவித்தொகை எத்தனை வருடத்துக்கு, எழுதிய கட்டுரையில் மாணவர் பெயர் முதலில் வருகிறதா, பேராசிரியரை மாதத்தில் எத்தனை முறை பார்க்க முடிகிறது. ஆய்வுத் தலைப்பைவிட இந்தப் பதில்கள்தான் உங்கள் அடுத்த சில வருடங்களைத் தீர்மானிக்கும். மாணவர்கள் பதில் சொல்லத் தயங்கினால் அதையும் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் பற்றி ஒரு வரி. சில இடங்களில் குறைந்தபட்ச எல்லை இருக்கும், அதைத் தாண்ட முடியாவிட்டால் அந்தக் கதவு இப்போதைக்கு மூடியிருக்கிறது. எல்லை தாண்டிவிட்டால், அதன் பிறகு உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கிறவர்கள் பார்ப்பது மண் பாடங்களில் எப்படி, உங்களை நேரில் பார்த்த பேராசிரியர் என்ன எழுதுகிறார் என்பதை. காரணங்களோடு கூடிய அந்தச் சிதறல் அட்டவணை சேர்க்கை நேர்காணலில் சுமாரான மதிப்பெண்ணை நன்றாகவே ஈடுகட்டும். அங்கே வந்து உட்காருகிறவர்களில் தன் தரவின் பலவீனத்தைத் தானே எடுத்து வைக்கிறவர்கள் மிகக் குறைவு.

வீட்டில் சைட் வேண்டாம் என்கிறார்கள். பயம் முழுக்கக் கற்பனை என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் பெண்களுக்குக் கழிப்பறைகூட இருக்காது, பேச்சும் சரியாக இருக்காது. நன்றாக நடத்துகிற இடங்களும் இருக்கின்றன. எது எப்படி என்று தெரிந்துகொள்ளத்தான் வேலையில் சேர்வதற்கு முன்பே பத்து நாள் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். பேராசிரியருக்குத் துளையிடும் நிறுவனங்களோடு நிச்சயம் தொடர்பு இருக்கும், அவர் மூலமாகக் கேளுங்கள். சம்பளம் வேண்டாம், துளைப் பதிவேட்டைப் பக்கத்தில் நின்று எழுதப் பழக வேண்டும் என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். போகும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்: சைட்டில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா, யார் பொறுப்பில் இருப்பீர்கள், விபத்துக் காப்பீடு உண்டா. தலைக்கவசம் அவர்களே கொடுப்பார்கள். பாதுகாப்புக் காலணி மட்டும் உங்கள் அளவில் அங்கே இருக்காது, நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள்.